சின்ன பேக்கரிக்கு வாடகைச் சமையலறை பிடிப்பது எப்படி: சென்னைக்கான வழிகாட்டி

வீட்டு அடுப்படியில் கேக் போட்டு விற்பவர்களுக்கு ஒரு கட்டம் வரும். ஃபிரிட்ஜில் வீட்டுப் பாலுக்கு இடமிருக்காது, ஓ.டி.ஜி. (வீட்டு மேசை மின் ஓவன்) ஒருநாள் முழுக்க ஓடினாலும் ஆர்டர் முடியாது, அபார்ட்மென்ட் சங்கத்தில் டெலிவரி பைக்குகளைப் பற்றிப் பேச்சு எழும். அப்போதுதான் வெளியே ஓர் இடம் பிடிக்கலாம் என்று தோன்றும். தோன்றியதும் எல்லோரும் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வாடகை மலிவு என்று பிடித்த இடம் கரண்டிலும் காகிதத்திலும் கையைக் கடிப்பதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு ஈ.பி. ஆபீசுக்குப் போகிறவர்களிடம் பேரம் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது.

1. இடத்துக்கு முன் ஓவனை முடிவு செய்யுங்கள்

எந்த ஓவன் என்று தெரியாமல் இடம் பார்ப்பது வீண் அலைச்சல். மின்பளு (லோடு), கதவகலம், புகைபோக்கி எல்லாம் அதைப் பொறுத்தே அமையும்.

60 லிட்டர் ஓ.டி.ஜி. சுமார் 2 கிலோவாட் இழுக்கும். மேசைமேல் வைக்கும் நாலு தட்டு கன்வெக்‌ஷன் ஓவன் இரண்டரை முதல் மூன்று கிலோவாட். டெக் ஓவன் என்பது பேக்கரிகளில் இருக்கும் அடுக்கு ஓவன்; ஒரு டெக் (அடுக்கு), இரண்டு தட்டு மின்சார டெக் ஓவன் ஆறு, ஏழு கிலோவாட் வரை போகும். அதற்குப் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் வேண்டும். 10 லிட்டர் மிக்சர் அரை கிலோவாட், 20 லிட்டர் மிக்சர் ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றரைக்கு மேல். ஃபிரிட்ஜும் ஃப்ரீசரும் சேர்ந்து முக்கால் கிலோவாட் என்று வையுங்கள்.

டெக் ஓவன் எடுத்தால் விளக்கு, எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினொரு கிலோவாட் வந்துவிடும். 230 வோல்ட்டில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 4.3 ஆம்பியர். 6.5 கிலோவாட் ஓவனை ஒரே ஃபேஸில் மாட்டினால் 28 ஆம்பியர் ஓடும். வீட்டு 16 ஆம்ப் பிளக் தாங்குவது மூன்றரை கிலோவாட் சுற்றுவட்டாரம்தான். “எல்லாம் தாங்கும் சார்” என்று எலக்ட்ரீஷியன் சொன்னாலும், மெயினிலிருந்து ஓவனுக்குத் தனி வயரும் தனி எம்.சி.பி.யும் (மிகை மின்சாரத்தில் தானே அணையும் சுவிட்ச்) போடாமல் ஓவனை ஓட்டாதீர்கள்.

கேஸ் டெக் ஓவன் எடுத்தால் மின்பளு பாதிக்கும் கீழே இறங்கும். பதிலுக்கு மூன்று விஷயம் வரும். சுவரில் துளை போட்டுப் புகைக்குழாய் விட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். சிலிண்டர்களை வெளியே, காற்றோட்டமான இடத்தில் பூட்டி வைக்க இடம் வேண்டும். அறை சூடு கூடும். தொழிலுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான், வீட்டு 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைக் கடையில் வைத்திருப்பது பிடிபட்டால் பறிமுதல். 100 கிலோ வரை எல்.பி.ஜி. வைத்திருக்கத் தனி உரிமம் தேவையில்லை, அதாவது ஐந்து வணிக சிலிண்டர்கள். சின்ன பேக்கரிக்கு அது தாராளம்.

2. எந்த வகை இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சென்னையில் கிடைப்பவை நாலு வகை.

முதலாவது, தரைத்தளத்துக் கடை அல்லது வணிகக் கட்டடத்தில் ஓர் அறை. செலவு கூடினாலும் காகிதம் சுலபம். ஓரிருவர் வேலை செய்ய 200 முதல் 250 சதுர அடி, மூவர் என்றால் 350 சதுர அடி இருந்தால் இடித்துக்கொள்ளாமல் நகரலாம்.

இரண்டாவது, தனி வீடு அல்லது வீட்டின் கீழ்ப்பகுதி. வாடகை குறைவு. ஆனால் வீட்டு மின் இணைப்பு, வீட்டு சொத்து வரி, அக்கம்பக்கத்துப் புகார் மூன்றும் கூடவே வரும். உரிமையாளர் வணிக இணைப்புக்கு எழுத்தில் சம்மதித்தால் மட்டும் இதைத் தொடருங்கள்.

மூன்றாவது, கிளவுட் கிச்சன் (டெலிவரிக்கு மட்டும் சமைக்கும் இடம்) வளாகங்களில் ஒரு அறை. எக்ஸாஸ்ட், கேஸ் லைன், கழிவுநீர்க் குழாய் எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் அவை பிரியாணிக்கும் சைனீசுக்கும் கட்டியவை. வெண்ணெயும் க்ரீமும் பக்கத்து வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். பொதுக் குளிர் அறையில் வெட்டிய வெங்காயத்தோடு ஒரு இரவு வைத்த பட்டர்க்ரீமை எந்த வெனிலாவாலும் காப்பாற்ற முடியாது. உங்களுக்கென்று பூட்டக்கூடிய ஃபிரிட்ஜ் வைக்க அனுமதி உண்டா, ஏ.சி.க்குத் தனி மீட்டரா, மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம் வாடகையில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவது, ஏற்கெனவே ஓடும் பேக்கரியில் அவர்கள் வேலை முடிந்த நேரத்தைப் பகிர்வது. ஆரம்பிப்பவருக்கு இதுதான் நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் முதலீடே இல்லாமல் டெக் ஓவன் பழகும். ஆனால் அந்த முகவரியில் ஏற்கெனவே ஒருவர் பெயரில் உணவு உரிமம் இருக்கும். உங்கள் பெயரிலும் வாங்க முடியுமா, அல்லது அவர்கள் தயாரித்து நீங்கள் விற்பதாகக் காட்ட வேண்டுமா என்பதை அந்தப் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வாய்மொழி ஏற்பாடு போதவே போதாது. எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தக் கருவி, உடைந்தால் யார் செலவு என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டிசம்பர் பிளம் கேக் சீசனில் அவர்களே இருபத்து நாலு மணி நேரமும் ஓவனை ஓட்டுவார்கள். அந்த மாதத்துக்கு உங்கள் நேரம் என்ன என்பதும் அதில் இருக்கட்டும்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொழில் வளர் மையத்தையும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வளர் மையத்தையும் விசாரிக்கலாம். கட்டணத்துக்குக் கருவிகளைப் பயன்படுத்தி மாதிரி தயாரித்துப் பார்க்க இவை உதவும். தினசரி ஆர்டர் ஓட்டுவதற்கான இடங்கள் அல்ல.

3. நேரில் பார்க்கும்போது சோதிக்க வேண்டியவை

பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குப் போங்கள். புரோக்கர் காலை பத்து மணிக்குக் காட்டுவார். அந்த நேரத்தில் எல்லா இடமும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளமும் மேற்குப் பார்த்த சுவரும் ஏ.சி. பில்லைத் தின்னும். பட்டர்க்ரீம் வேலைக்கு வெண்ணெய் 18 முதல் 21 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னை அறையில் அது வருஷம் முழுக்கக் கனவு. ஆகவே ஓவன் இருக்கும் அறையும் கேக்குக்கு க்ரீம் பூசும் அறையும் கதவு வைத்துப் பிரிக்கும்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்பது சதுர அடி குளிர் அறை போதும். இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்தால் ஓவனும் ஏ.சி.யும் ஒன்றை ஒன்று எதிர்த்து ஓடும், இரண்டின் பில்லும் உங்களுக்கு.

அளவுநாடா கொண்டு போங்கள். இரண்டு தட்டு டெக் ஓவன் ஏறக்குறைய நாலடி அகலம். வாசல் மட்டுமல்ல, மாடிப்படித் திருப்பமும் லிஃப்ட் கதவும் அளக்கப்பட வேண்டும்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் இரண்டு வாளித் தண்ணீரைச் சாய்த்து வடிகிறதா பாருங்கள். வெண்ணெயும் ஷார்ட்டனிங்கும் (கெட்டிக் கொழுப்பு) வெந்நீரோடு போய்க் குழாயில் உறைந்து அடைக்கும். தொட்டிக்கடியில் கொழுப்பு பிடிக்கும் பெட்டி வைக்க இடம் இருக்கட்டும். கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, செப்டிக் டேங்குக்கா என்றும் கேளுங்கள். செப்டிக் டேங்க் என்றால் லாரி கூப்பிடும் செலவு யாருடையது என்பதைப் பேசிவிட வேண்டும்.

போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. ஆயிரத்தைத் தாண்டினால் மாவு பிசைய கேன் தண்ணீரோ ஆர்.ஓ.வோ கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக் கதவு சமையல் இடத்துக்குள் நேராகத் திறந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது நடுவில் தடுப்பு கட்ட முடியுமா என்று பாருங்கள். உணவுப் பாதுகாப்பு விதிகளின் நாலாம் அட்டவணைப்படி அது கூடாது. பழைய கடைகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆய்வுக்கு வரும் அலுவலர் முதலில் சுட்டிக்காட்டுவதும் இதைத்தான்.

சுற்றுப்புறத்தை நடந்து பாருங்கள். பக்கத்தில் மிளகாய் அரைக்கும் மாவு மில், மீன் கடை, பெயின்ட் கடை, மாநகராட்சிக் குப்பைத் தொட்டி எது இருந்தாலும் உங்கள் க்ரீமில் தெரியும். கடைசியாக எதிர்ப்பக்க டீக்கடையில் ஒரு டீ வாங்கி, “ஐப்பசி, கார்த்திகையில இங்க தண்ணி ஏறுமா அண்ணே?” என்று கேளுங்கள். உரிமையாளரும் புரோக்கரும் சொல்லாத பதில் அங்கே கிடைக்கும். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் எந்த மட்டம் வரை வந்தது என்பது சுவரின் அடிப்பாகப் பெயின்ட்டிலேயே சில இடங்களில் எழுதியிருக்கும்.

4. மின் இணைப்பு: முன்பணத்துக்கு முன்

கடைசி கரண்ட் பில்லைக் கேட்டு வாங்கி மூன்று விஷயம் பாருங்கள்: எந்தக் கட்டண வகை, ஒப்புதல் பெற்ற மின்பளு எவ்வளவு, ஒரு ஃபேஸா மூன்றா. பாக்கி இருக்கிறதா என்பதும் தெரியும்.

“வீட்டுக் கரண்டையே ஓட்டிக்கோங்க, யாரு கேக்கப் போறா” என்பது உரிமையாளர்களின் வழக்கமான வசனம். கேட்பார்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில் வரும் அத்துமீறிய பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடுவார்கள். எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அதைக் கட்டப்போவது நீங்கள்.

விற்பனைக் கவுண்டர் இல்லாமல் தயாரிப்பு மட்டும் என்றால், வணிகக் கட்டணத்துக்குப் பதிலாகச் சிறு தொழில் கட்டணத்தில் போட முடியுமா என்று உத்யம் (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) சான்றைக் காட்டிப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். உத்யம் பதிவு இலவசம். ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் அரசு தளங்கள் அல்ல. சிறு தொழில் கட்டணம் கிடைத்தால் மாதாமாதம் வித்தியாசம் தெரியும்.

மின்பளு உயர்த்துவதற்கு உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. கம்பத்திலிருந்து வரும் கேபிள் பழசாக இருந்தாலோ டிரான்ஸ்ஃபார்மரில் இடமில்லாவிட்டாலோ வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே பேச்சுவார்த்தை இப்படி இருக்கட்டும்: “டோக்கன் தருகிறேன், லோடு ஏறியதும் அட்வான்ஸ், அன்றிலிருந்து வாடகை.” இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் பின்னால் வேறு எதற்கும் ஒத்துவர மாட்டார்.

5. வாடகை ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவே வேண்டாம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நம்ப வேண்டாம். முன்பணமாக ஆறு மாதம், பத்து மாதம் கேட்பது வழக்கம். அதே சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் பொது அளவாகச் சொல்கிறது என்பதைப் பேரத்தில் நினைவுபடுத்தலாம்.

ஒப்பந்தத்தில் இவை தனித்தனி வரிகளாக வர வேண்டும்: இடம் “பேக்கரிப் பொருள் தயாரிப்புக்கு” என்ற வார்த்தைகள், உணவு உரிமம், மாநகராட்சி உரிமம், மின் இணைப்பு மாற்றம் ஆகியவற்றுக்குத் தடையில்லாக் கடிதம் தருவதாக ஒப்புதல், புகைக்குழாய்க்கும் ஏ.சி.க்கும் சுவரில் துளை போட அனுமதி. நீங்கள் போட்ட வயரிங், தொட்டி, மேசை யாருக்கு. குறைந்தது மூன்று வருடத்துக்கு வாடகை உயர்வு விகிதம். சொத்து வரி வணிக விகிதத்துக்கு மாறினால் வித்தியாசத்தை யார் கட்டுவது.

டைல்ஸ் ஒட்டித் தொட்டி கட்டிய பிறகு பதினொன்றாம் மாதத்தில் “பையனுக்கு இடம் வேண்டும்” என்று சொன்னால் அந்தச் செலவு போனதுதான். அதனால் முதல் இரண்டு வருடம் உரிமையாளர் காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற வரியை வாங்கப் பாருங்கள்.

உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரென்றால் வாடகையின் மேல் 18 சதவீதம் வரும். “வாடகை இருபதாயிரம்” என்றால் வரியோடா வரி தனியா என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் (காம்போசிஷன் திட்டத்தில் அல்லாமல்) வழக்கமான முறையில் பதிவு பெற்று அவர் பெறாதவரென்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும்.

6. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு

வீட்டு முகவரிக்கு வாங்கிய பதிவு புது இடத்துக்குச் செல்லாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனி. ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள்.

2011 விதிமுறை ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று கோடு போட்டது. பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்பும் கட்டணமும் திருத்தத்துக்கு உள்ளாகும், ஆகவே விண்ணப்பிக்கும் அன்று தளம் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுக்குப் படிவம் ஏ, புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று போதும். உரிமம் என்றால் இட வரைபடம், கருவிகள் பட்டியல், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, உணவுப் பாதுகாப்புத் திட்டம் எல்லாம் சேரும். தண்ணீர் அறிக்கையை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எடுங்கள்.

பலரும் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, தொழில் வகை: சில்லறை விற்பனை என்று போட்டுவிட்டுத் தயாரிப்பார்கள். நீங்கள் தயாரிப்பாளர். இரண்டு, உணவு வகை: கேக், பிரெட், குக்கி எல்லாம் ஏழாம் வகை. சாக்லேட்டும் செய்து விற்பதாக இருந்தால் ஐந்தாம் வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் சேர்ப்பது இன்னொரு விண்ணப்பம்.

விதிப்படி பதிவு விண்ணப்பத்துக்கு ஏழு நாளில் பதிலோ ஆய்வு அறிவிப்போ வர வேண்டும். உரிமத்துக்கு அறுபது நாள். ஆய்வுக்கு வரும்போது உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் மருத்துவச் சான்றும் டைபாய்டு தடுப்பூசி விவரமும், பூச்சிக் கட்டுப்பாட்டு ரசீதும் ஒரு கோப்பில் இருக்கட்டும். விளக்குகளுக்கு மூடி, ஜன்னலுக்கு வலை, கதவுக்கு அடியில் எலி நுழையாத தகட்டுப் பட்டை, மாவு மூட்டைக்குக் கீழே அரையடி உயரப் பலகை. இவை சில ஆயிரத்தில் முடியும் வேலை.

லேபிளில் ஒரு பொறி உண்டு. முட்டை சேர்த்த கேக் சட்டப்படி அசைவம். பச்சைப் புள்ளி கூடாது, பழுப்பு முக்கோணம்தான். எக்லெஸ்ஸும் செய்வதானால் மிக்சர் கிண்ணமும் தட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. மற்றவை, சுருக்கமாக

மாநகராட்சியின் தொழில் உரிமம் கட்டாயம். கட்டணம் பரப்பையும் தொழிலையும் பொறுத்தது. ஜி.எஸ்.டி. பொருள் விற்பனைக்கு ஆண்டு 40 லட்சம் வரை தேவையில்லை. கேக், பேஸ்ட்ரிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்; பழைய 18 சதவீதக் கணக்கில் விலை போட்டுக் காட்டுபவர்களின் எக்செலை நகலெடுக்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டில், நாளுக்கு ஒரு டன்னுக்குக் கீழ் கேஸ் அல்லது மின் ஓவனில் தயாரிக்கும் பேக்கரியை மத்திய வாரியத்தின் 2016 வகைப்பாடு பசுமை வகையில் (குறைந்த மாசு) வைத்தது. விறகு, டீசல் ஓவன் உள்ள பழைய பேக்கரி மலிவாகக் கிடைத்தால் இதையும் யோசியுங்கள். ஆறு கிலோ தீயணைப்பான் ஒன்று வாசலருகே.

8. கிலோவுக்கு எவ்வளவு இடச்செலவு?

கணக்குப் போடும் முறைக்காக ஓர் உதாரணம். வாடகை 18,000, கரண்ட், கேஸ், தண்ணீர், பராமரிப்பு 14,000. மொத்தம் 32,000. மாதம் 25 நாள், நாளுக்கு 4 கிலோ கேக் என்றால் நூறு கிலோ. ஒவ்வொரு கிலோவிலும் 320 ரூபாய் இடத்துக்கே போகிறது. நாளுக்கு 8 கிலோ ஆனால் வாடகைப் பங்கு பாதியாகும், கரண்ட் அப்படிக் குறையாது.

இதே 32,000-ஐப் பகிர்வு இடத்தின் மணிக்கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 250 என்றால் 128 மணி நேரம். மாதம் அதற்குக் கீழேதான் உங்கள் வேலை என்றால் சொந்த இடம் இன்னும் வேண்டாம்.

ஒருமுறைச் செலவில் முன்பணம், ஒரு மாதப் புரோக்கர் கமிஷன், வயரிங், தொட்டி, ஸ்டீல் மேசை, ஏ.சி. தவிர, ஆர்டர் இல்லாத முதல் மூன்று மாத வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று மாதத்தை விட்டுவிட்டுப் போடும் பட்ஜெட்தான் பாதியில் கடனுக்கு அலைய வைப்பது.

9. எந்த மாதம் தொடங்குவது

ஆடியில் யாரும் புது இடம் குடிபோக மாட்டார்கள். காலி கடைகள் அப்படியே கிடக்கும். பேரம் பேச அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆடியில் பேசி முடித்து, ஆவணியில் ஒப்பந்தம் பதிந்து, மின்பளுவுக்கும் உணவுப் பதிவுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பித்தால் தீபாவளிக்கு முன் சோதனை ஓட்டம், டிசம்பருக்குள் கை பழகும். நவம்பரில் இடம் தேடத் தொடங்கினால் மழை, கிறிஸ்துமஸ் ஆர்டர், கொத்தனார் விடுமுறை எல்லாம் ஒன்றாக வரும்.

சோதனை ஓட்டத்தில் ஓவனின் ஒவ்வொரு தட்டிலும் பிரெட் துண்டுகளை நெருக்கி அடுக்கி ஐந்தாறு நிமிடம் வைத்து எடுங்கள். எந்த மூலை கருகுகிறது, எது வெளுத்திருக்கிறது என்று தெரியும். வீட்டு ஓ.டி.ஜி.யின் வெப்பமும் நேரமும் டெக் ஓவனுக்கு அப்படியே பொருந்தாது, ஒவ்வொரு ரெசிப்பியையும் திரும்ப எழுத வேண்டும். மாதாந்தர மின்தடை நாள் எது என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு, அந்த நாளுக்கு ஆர்டர் எடுக்காதீர்கள். வீட்டு முகவரியும் பழைய பதிவு எண்ணும் அச்சிட்ட பெட்டிகள் மிச்சமிருந்தால் அவற்றின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டிய பிறகே ஒரு கேக்கையாவது வெளியே அனுப்புங்கள்.